யாரும் கொடுக்காத விலை: இரு சிறிய நாணயங்களின் பழைய மாற்று விகிதங்கள்

இரண்டு சிறிய நாணயங்களுக்கு இடையே பல ஆண்டுகளுக்கு முன்பு இருந்த மாற்று விகிதத்தை இணையத்தில் தேடுபவருக்கு, எந்தத் தேதியைக் கொடுத்தாலும் நான்கு தசம இடங்களுடன் ஓர் எண் உடனே கிடைத்துவிடுகிறது. அன்றைய தினம் ஏதோ ஒரு சந்தையில் ஒருவர் முதல் நாணயத்தைக் கொடுத்து இன்னொருவரிடமிருந்து இரண்டாவதை வாங்கினார், அந்தக் கைமாற்றின் விலைதான் இது என்று அவர் எண்ணிக்கொள்வது இயல்பே. உண்மையில், பெரும்பாலான நாட்களில், அந்த விலையை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு நாணயத்தின் டாலர் விலையை மற்றதன் டாலர் விலையால் வகுத்துக் கிடைத்த ஈவு அது. அதில் தெரியும் துல்லியம் வகுத்தலின் துல்லியமே தவிர, சந்தையின் துல்லியம் அல்ல.

பழைய மாற்று விகிதங்களைத் தேடித் தொகுப்பதில் எனக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு. இரு நாடுகளின் அந்தக் காலத்துக் கூலியை ஒப்பிடும் ஆய்வாளரும், எல்லை தாண்டிய பழைய கடனுக்குக் கணக்குப் பார்க்கும் வழக்கறிஞரும், தாத்தா காலத்தில் அனுப்பப்பட்ட பணம் எவ்வளவு பெறும் என்று அறிய விரும்பும் குடும்பத்தினரும் இந்த ஈவை நம்பித்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். எண் தவறினால் முடிவு தலைகீழாகிவிடும். ஆகவே அந்த ஈவுக்குள் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

உலகில் 150 நாணயங்கள் புழங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்க 11,175 வழிகள் உண்டு. அத்தனை இணைகளுக்கும் தனித்தனியே வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் கூடும் சந்தை அமைவது நடக்கிற காரியம் அல்ல. ஆனால் எல்லா நாணயங்களும் ஒரே ஒரு பொது நாணயத்துடன் மட்டும் விலை பேசிக்கொண்டால் 149 சந்தைகள் போதும். மீதி விலைகள் எல்லாம் கணக்கிலேயே கிடைத்துவிடும். இன்று அந்தப் பொது நாணயமாக இருப்பது அமெரிக்க டாலர். மத்திய வங்கிகளுக்கு வங்கியாக விளங்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பின்படி, 2022 ஏப்ரலில் உலகச் செலாவணிச் சந்தையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7.5 இலட்சம் கோடி டாலர் அளவுக்குப் பரிவர்த்தனை நடந்தது. அதில் 88 சதவீதத்தில் ஏதாவது ஒரு பக்கம் டாலரே இருந்தது. எஞ்சிய சிறு பங்கிலும் பெரும்பகுதியை யூரோ, யென், பவுண்டு போன்ற பெரிய நாணயங்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்டன. இரண்டு சிறிய நாணயங்கள் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இந்தப் புள்ளிவிவரத்தில் தேடினாலும் கண்ணில் படாது.

கணக்கு மிக எளிது. ஒரு டாலருக்கு முதல் நாணயம் 120, இரண்டாவது நாணயம் 4 என்றால், இரண்டாவதன் ஓர் அலகுக்கு முதலாவது 30 அலகு. இதையே செலாவணித் துறையினர் குறுக்கு விகிதம் என்கிறார்கள். கவனிக்க வேண்டியது எழுதும் திசையை. பெரும்பாலான மத்திய வங்கிகள் ஒரு டாலருக்குத் தங்கள் நாணயம் எத்தனை என்று எழுதுகின்றன. போட்ஸ்வானா வங்கியோ ஒரு பூலாவுக்கு எத்தனை டாலர் என்று எழுதுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால், வரும் எண் அபத்தமாக இருந்தால் நல்லது, கண்டுபிடித்துவிடலாம். ஏறத்தாழ நம்பும்படி இருந்துவிட்டால்தான் ஆபத்து.

ஒரே ஓர் இணையை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் நாணயம் சீடி. கானாவின் மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே புர்கினா பாசோ, கிழக்கே டோகோ. மூன்று நாடுகளிலும் புழங்குவது சிஎஃப்ஏ பிராங்க் என்ற பொது நாணயம். ஆக, தெற்கே உள்ள கடலைத் தவிர எல்லாத் திசைகளிலும் கானாவின் எல்லை சிஎஃப்ஏ பிராங்க்கைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. டோகோவின் தலைநகரான லோமேயோ எல்லைக்கோட்டை ஒட்டியே வளர்ந்த நகரம். அதற்கு எதிர்ப்புறம் கானாவின் அஃப்லாவோ. அங்கே பணம் மாற்றித் தருவோரிடம் சீடியும் பிராங்க்கும் டாலரின் உதவி இல்லாமலேயே நேரடியாகக் கைமாறுகின்றன. அதாவது, இந்த இணைக்கு உண்மையான ஒரு சந்தை உண்டு. ஆனால் இணைய அட்டவணைகளில் நாம் காண்பது அந்த எல்லைச் சந்தையின் விலை அல்ல. கானாவின் தலைநகர் அக்ராவில் கிடைத்த சீடியின் டாலர் விலையையும், யூரோவின் வழியாகக் கணக்கிட்ட பிராங்க்கின் டாலர் விலையையும் வகுத்து வந்த எண்.

சிஎஃப்ஏ பிராங்க்குக்கு டாலருடன் சொந்தமாக ஒரு விலை கிடையாது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அது ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைக்கப்பட்ட நாணயம். ஆகவே ஒரு டாலருக்கு எத்தனை பிராங்க் என்பதை யூரோவின் டாலர் விலைதான் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு யூரோ 1.10 டாலர், ஒரு டாலர் 12 சீடி என்றால், ஒரு டாலருக்கு 596.32 பிராங்க், ஒரு சீடிக்கு 49.69 பிராங்க். சீடியின் டாலர் விலை இம்மியும் அசையாமல் இருக்க, யூரோ மட்டும் 1.05 டாலருக்கு இறங்கினால், ஒரு சீடிக்கு 52.06 பிராங்க் ஆகிவிடுகிறது. அட்டவணையைப் படிப்பவர் சீடி கிட்டத்தட்ட 5 சதவீதம் வலுப்பெற்றது என்று எழுதிவிடுவார். அதற்குக் கானாவின் கோகோ ஏற்றுமதியிலோ தங்கத்திலோ காரணமும் தேடுவார். நடந்ததோ யூரோவின், டாலரின் மத்திய வங்கிகள் பிராங்க்பர்ட்டிலும் வாஷிங்டனிலும் எடுத்த வட்டி முடிவுகளின் எதிரொலி மட்டுமே. இரண்டு சிறிய நாணயங்களின் வரலாற்றில் மூன்றாவது, நான்காவது நாடுகளின் வரலாறு இப்படித்தான் ஓசையின்றி நுழைந்துகொள்கிறது. ஆகவே, ஈவை ஒரே கோடாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் இரு உறுப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே முறை. எது அசைந்தது, எது அசையவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த இணையின் நீண்ட காலத் தொடரில் மூன்று தையல்கள், அதாவது பழைய எண்களோடு புதிய எண்களை ஒட்டவைத்த இடங்கள், இருக்கின்றன. முதலாவது 1994 ஜனவரி. 1948 முதல் பிரெஞ்சு பிராங்க்குடன் மாறாத உறவில் இருந்து, 1960இல் புதிய பிரெஞ்சு பிராங்க் வந்த பிறகு ஒன்றுக்கு 50 என்று நின்ற சிஎஃப்ஏ பிராங்க், அந்த மாதம் ஒரே அடியில் ஒன்றுக்கு 100 என்று மதிப்புக் குறைக்கப்பட்டது. இது உண்மையான வீழ்ச்சி. இறக்குமதி அரிசியும் மருந்தும் வாங்கியவர்கள் மறுவாரமே அதைத் தங்கள் பையில் உணர்ந்தார்கள். இரண்டாவது 1999 ஜனவரி: யூரோ பிறந்தது, ஒரு யூரோ 6.55957 பிரெஞ்சு பிராங்க் என்று நிர்ணயிக்கப்பட்டது, அதை நூறால் பெருக்கிச் சிஎஃப்ஏ பிராங்க்கின் புதிய நங்கூர விகிதம் எழுதப்பட்டது. பெயர் மட்டும் மாறிய இந்தத் தையலில் விலையில் எந்தக் குதிப்பும் இல்லை. இருந்தால் அந்த அட்டவணையைத் தயாரித்தவர் எங்கோ தவறியிருக்கிறார் என்று பொருள். மூன்றாவது 2007 ஜூலை: கானா தன் நாணயத்திலிருந்து நான்கு பூச்சியங்களை நீக்கி, 10,000 பழைய சீடிக்கு ஒரு புதிய சீடி என்று அறிவித்தது. இதில் யாருக்கும் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் அட்டவணையில் மிகப் பெரிய குதிப்பாகத் தெரிவது இதுதான்.

மூன்று தையல்களில் ஒன்று உண்மையான அதிர்ச்சி, ஒன்று வெறும் பெயர் மாற்றம், ஒன்று வெறும் எழுத்து மாற்றம். வரைபடத்தில் தெரியும் உயரத்தை வைத்து இவற்றை எடைபோட்டால் மூன்றுமே தவறாகிவிடும்.

பூச்சிய நீக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். கானா மட்டும் அல்ல, துருக்கி 2005இல் ஆறு பூச்சியங்களையும், மொசாம்பிக் 2006இல் மூன்று பூச்சியங்களையும், சாம்பியா 2013இல் மூன்று பூச்சியங்களையும், பெலாரஸ் 2016இல் நான்கு பூச்சியங்களையும் நீக்கின. ஒவ்வொரு முறையும் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் அந்த நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீடும் மாறியது. கானாவுக்கு ஜிஎச்சி என்று இருந்தது ஜிஎச்எஸ் ஆயிற்று. சில தளங்கள் பழைய குறியீட்டுடன் தொடரை முடித்துவிட்டுப் புதிய குறியீட்டில் வேறொரு தொடரைத் தொடங்குகின்றன. சில தளங்கள் பழைய எண்களை எல்லாம் பத்தாயிரத்தால் வகுத்து ஒரே தொடராக்கிவிடுகின்றன. இரண்டாவது முறையில் வரைபடம் அழகாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1995ஆம் ஆண்டின் ஒரு ரசீதைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த அழகான தொடர் எந்த உதவியும் செய்யாது. ரசீதில் அச்சாகியிருப்பது பழைய சீடி, தொடரில் இருப்பது அன்று எவரும் கண்ணால் கண்டிராத புதிய சீடி. ஆகையால் பழைய அலகு, புதிய அலகு என இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்திருப்பதையே நான் விரும்புகிறேன். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் குழப்பம் குறையும்.

எதிர்முனையில் ஒரு விசித்திரமான இணை இருக்கிறது: பல்கேரியாவின் லெவ், பாஸ்னியா ஹெர்செகோவினாவின் மாற்றத்தக்க மார்க். பல ஆண்டுகளுக்கு இந்த இணையின் விகிதம் சரியாக 1. தினமும் 1. இரண்டு நாடுகளும் தங்களுக்குள் பேசி வைத்த ஏற்பாடு அல்ல இது. 1997இன் தொடக்கத்தில் ஒரே மாதத்தில் விலைவாசி இரு மடங்குக்கும் மேல் ஏறிய மிகைப் பணவீக்கத்தைச் சந்தித்த பல்கேரியா, அந்த ஆண்டு ஜூலையில் தன் மத்திய வங்கியின் கைகளைக் கட்டிப்போடும் நாணயச் சபை முறையை ஏற்று, 1,000 லெவ் ஒரு ஜெர்மன் மார்க் என்று நிலைநிறுத்தியது. 1999 ஜூலையில் மூன்று பூச்சியங்களை நீக்கியதும் அது ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. போரிலிருந்து மீண்ட பாஸ்னியா 1998இல் தன் மாற்றத்தக்க மார்க்கை அதே ஜெர்மன் மார்க்குக்குச் சமமாக வெளியிட்டது. ஜெர்மன் மார்க் யூரோவில் கலந்தபோது இரு நாணயங்களும் ஒரு யூரோவுக்கு 1.95583 என்ற ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தன. மூன்றாமவர் ஒருவரின் தோளைப் பிடித்ததால் இருவரும் ஒரே உயரத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். இரு பொருளாதாரங்களின் விலைவாசியும் கூலியும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்துகொண்டே இருந்தன என்பதை அந்த நேர்கோடு நமக்குச் சொல்லாது. 2026 ஜனவரியில் பல்கேரியா யூரோவுக்கு மாறியதால் இந்தத் தொடரும் முடிவுக்கு வந்தது.

இதே வகையில் ஓமானின் ரியாலும் ஜோர்டானின் தினாரும் டாலருடன் கட்டப்பட்டவை. முன்னது டாலருக்கு 0.3845, பின்னது 0.709. ஆகவே ஒரு ரியாலுக்கு 1.844 தினார் என்பது வருடக்கணக்கில் மாறாத கணக்கு.

இதுவரை சொன்னவை எல்லாம் நேர்மையான எண்களின் சிக்கல்கள். அரசின் எண்ணும் மக்கள் கொடுத்த விலையும் வெவ்வேறாக இருந்த நாடுகளில்தான் ஈவு முற்றிலும் பொய்யாகிறது. என்னைப் பொறுத்தவரை இதற்கு மியான்மரை விடத் தெளிவான சான்று கிடையாது. மியான்மரின் கியாட், 1977 முதல் 2012 மார்ச் வரை, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்பு உரிமை ஒன்றுக்கு 8.5085 என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதன்படி ஒரு டாலர் ஏறத்தாழ 6 கியாட். அரசு நிறுவனங்களின் கணக்கேடுகளில் இந்த விகிதம்தான் எழுதப்பட்டது. யாங்கூன் கடைவீதியில் டாலரை மாற்றியவர்களுக்கோ, கடைசி ஆண்டுகளில், 800 கியாட் அளவுக்குக் கிடைத்தது. 2012 ஏப்ரலில் அரசு அந்தப் பழைய கட்டை அவிழ்த்து, நாணயத்தை மேலாண்மைக்கு உட்பட்டு மிதக்கவிட்டது, அதாவது தன் மேற்பார்வையில் சந்தையே விலையைத் தீர்மானிக்க விட்டது. மத்திய வங்கி அறிவித்த முதல் விகிதம் டாலருக்கு 818.

இப்போது பக்கத்து நாடான லாவோஸின் கிப்புடன் கியாட்டை வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். அந்த ஆண்டில் ஒரு டாலர் ஏறத்தாழ 8,000 கிப். மார்ச் மாத இறுதி வரை ஒரு கியாட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிப் என்று அட்டவணை காட்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் பத்துக்கும் குறைவான கிப் என்று காட்டும். 99 சதவீத வீழ்ச்சி! உலக வரலாற்றின் மிகக் கொடிய நாணயச் சரிவுகளின் வரிசையில் இதைச் சேர்க்கத் தோன்றும். ஆனால் எல்லையில் சரக்கு வாங்கி விற்றவர்களுக்கு அந்த வாரம் முந்தைய வாரத்தைப் போலவேதான் இருந்தது. கடைவீதியில் ஏற்கெனவே பல ஆண்டுகளாக இருந்த விலையை அரசு தன் ஏட்டிலும் எழுதிக்கொண்டது, அதுவே நடந்தது. இந்தச் செய்தி தெரியாமல் 2011ஆம் ஆண்டின் மியான்மர் சம்பளத்தைக் கிப்பாக மாற்றும் ஒருவர், அங்கே ஒரு சாதாரணக் குமாஸ்தா லாவோஸின் பெரும் பணக்காரரை விட அதிகம் சம்பாதித்தார் என்ற முடிவுக்கு வந்து சேர்வார்.

லெபனானில் இதன் மறுபக்கம் நடந்தது. 1997 இறுதி முதல் டாலருக்கு 1,507.5 லெபனான் பவுண்டு என்ற அரசு விகிதம், 2019இல் வங்கிகள் முடங்கி, தெருவில் பவுண்டு சரிந்துகொண்டே போன பிறகும் ஏட்டில் அப்படியே நின்றது. 2023 பிப்ரவரியில் அதை 15,000 ஆக்கினார்கள். அப்போதும் தெருவிலையில் அது ஒரு சிறு பங்குதான். அங்கே வீழ்ச்சி உண்மையானது, ஏடுதான் அதைப் பல ஆண்டுகள் மறைத்தது. ஆக, மியான்மரின் தொடரில் நடக்காத வீழ்ச்சி தெரிகிறது. லெபனானின் தொடரில் நடந்த வீழ்ச்சி தெரியவில்லை.

சில நேரங்களில் எண்ணே இருப்பதில்லை. அதை மறைக்கும் விதம்தான் பிரச்சினை. ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் பிற்பகலில் யூரோவுக்கான மேற்கோள் விகிதங்களை வெளியிடுகிறது. பல இலவசத் தளங்களுக்கு அதுவே மூலம். ஐஸ்லாந்தின் வங்கிகள் 2008இல் கவிழ்ந்த பிறகு, அந்நாட்டு நாணயமான குரோனாவுக்கான விகிதத்தை வெளியிடுவதை ஐரோப்பிய மத்திய வங்கி அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிறுத்திவிட்டு, 2018 பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு அந்த மூலத்தில் வெற்றிடம். ஐஸ்லாந்தின் சொந்த மத்திய வங்கி நாள்தோறும் விகிதம் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விடுபட்ட நாளுக்கு முந்தைய நாளின் எண்ணையே எடுத்துப் போட்டுக்கொள்ளும் நிரல், 2008இன் நெருக்கடி விலையை 2017 வரை கூசாமல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். ஒரு தொடரில் ஒரே எண் வாரக்கணக்கில் தசமம் கூட மாறாமல் வந்தால், அது கட்டிவைக்கப்பட்ட நாணயமா, அல்லது நின்றுபோன மூலமா என்று விசாரிப்பது நான் தவறாமல் செய்யும் வேலை. வார விடுமுறைகளும் இதே சிக்கலைச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன. வெள்ளியும் சனியும் விடுமுறை விடும் நாட்டின் நாணயத்தையும் சனியும் ஞாயிறும் விடுமுறை விடும் நாட்டின் நாணயத்தையும் இணைத்தால், வாரத்தில் நான்கு நாட்கள் மட்டுமே இரு பக்கமும் புதிய எண்ணாக இருக்கும்.

சராசரி என்று வந்தால் இன்னும் நுணுக்கமான ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாணயத்துக்கு மற்றது முதல் பாதி ஆண்டில் 40, இரண்டாம் பாதியில் 60 என்று இருந்ததாகக் கொள்வோம். சராசரி 50. இப்போது அதே விகிதங்களைத் திருப்பி எழுதுங்கள்: 0.025, 0.016667. இவற்றின் சராசரி 0.020833, அதை மறுபடி திருப்பினால் 48. ஒரே ஆண்டு, ஒரே நாணயங்கள், ஒரே தரவு. ஆனால் எந்தத் திசையில் எழுதிச் சராசரி எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை 50 அல்லது 48. இரண்டுமே கணிதப்படி சரி. நிலையான நாணயங்களில் இந்த வேறுபாடு புறக்கணிக்கத் தக்கது. கொந்தளிப்பான ஆண்டுகளிலோ, அதாவது வரலாறு படிப்பவர்கள் மிகவும் ஆர்வம் காட்டும் ஆண்டுகளில், அது பெரிதாகிவிடும். அதனால்தான் மாதச் சராசரிகளை வகுத்து வந்த ஈவையும், நாள்தோறும் வகுத்த ஈவுகளின் சராசரியையும் ஒன்றாகக் கருதக் கூடாது. மாதாமாதம் வந்த சம்பளத்தை மாற்றுவதற்கு அந்தந்த மாதத்தின் சராசரியே பொருந்தும். ஒரு குறிப்பிட்ட நாளில் நின்ற கடன் பாக்கிக்கு அந்த நாளின் விகிதம்தான் வேண்டும். ஆண்டு இறுதி விகிதத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வழக்கத்துக்குச் சோம்பலைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

தசம இடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒரு டாலருக்கு 25,000 வியட்நாம் டாங், 0.307 குவைத் தினார் என்று வைத்துக்கொண்டால், ஒரு டாங் 0.0000123 தினார். நான்கு தசம இடங்களோடு நிறுத்தும் அட்டவணையில் அது 0.0000 என்று அச்சாகும். ஒரு தினாருக்கு 81,433 டாங் என்று திருப்பி எழுதினால் சிக்கல் தீர்ந்தது. மேலும், அட்டவணையின் எண் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. உண்மையில் ஒரு சிறிய நாணயத்தை விற்று டாலர் வாங்கி, அந்த டாலரை விற்று மற்றொரு சிறிய நாணயத்தை வாங்கியவர் இரண்டு முறை அந்த இடைவெளியைக் கடந்திருப்பார். ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் இழந்தால், மொத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாகத்தான் அவர் கைக்கு வந்திருக்கும்.

1971க்கு முந்தைய ஆண்டுகளுக்கு வரும்போது இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இருக்காது என்று தோன்றும். போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து வகுத்த, நாணயங்களை நிலையான விகிதங்களில் கட்டிவைத்த பிரெட்டன் உட்ஸ் ஏற்பாட்டின் கீழ் உறுப்பு நாடுகள் தங்கள் நாணயத்துக்குத் தங்கத்திலும் டாலரிலும் ஒரு சமமதிப்பை அறிவித்திருந்தன. எந்த இரண்டு நாணயங்களை எடுத்தாலும் அறிவிக்கப்பட்ட எண்களை வகுத்தால் விடை கச்சிதமாக வந்துவிடும். ஆனால் விகிதம் கச்சிதமாக இருப்பது வேறு, அந்த விகிதத்தில் சரக்கு கைமாறுவது வேறு. இதற்கு இந்திய ரூபாய், பாகிஸ்தான் ரூபாய் இணையின் முதல் கால் நூற்றாண்டை விடச் சிறந்த பாடம் இல்லை.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. இந்தியா உடனே பின்தொடர்ந்தது, டாலருக்கு 3.31 ரூபாயாக இருந்தது 4.76 ஆயிற்று. பாகிஸ்தான் மதிப்பைக் குறைக்க மறுத்து, பழைய விகிதத்திலேயே நின்றது. முந்தைய நாள் வரை ஒன்றுக்கு ஒன்றாக இருந்த இரண்டு ரூபாய்கள், மறுநாள் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்று ஆகிவிட்டன. அன்று பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்காளத்தின் சணலை நம்பி ஓடிய கல்கத்தா ஆலைகளுக்கு மூலப்பொருள் ஒரே இரவில் 44 சதவீதம் விலை ஏறியது போன்ற நிலை. இந்தியா அந்த விகிதத்தை ஏற்க மறுத்தது. சணலும் நிலக்கரியும் எல்லையில் தேங்கின. இரு நாடுகளின் வர்த்தகம் பெருமளவு முடங்கியது. 1951 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் இந்தியா 144ஐ ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட அந்தக் காலத்துக்கும் அட்டவணைகள் 1.44 என்றே காட்டுகின்றன. ஒரு தரப்பு ஏற்காத விலையை மாற்று விகிதம் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே என் தொகுப்பில் அந்த மாதங்களுக்கு எதிரே, ஒரு தரப்பின் அறிவிப்பு என்று தனியாகக் குறித்திருக்கிறேன்.

1955 ஜூலை இறுதியில் பாகிஸ்தானும் 4.76க்கு இறங்கியதும் இணை மீண்டும் ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. 1966 ஜூன் 6 அன்று இந்தியா டாலருக்கு 7.50 ரூபாய் என்று மதிப்பைக் குறைத்தபோது அது 1.575க்குத் தாவியது. 1972 மே மாதம் பாகிஸ்தான் டாலருக்கு 11 ரூபாய் என்று அறிவித்ததும் மறுதிசையில் அதைவிடப் பெரிய தாவல். வரைபடத்தில் மிகவும் கண்ணைப் பறிப்பவை இந்த இரண்டு படிகளும்தான். ஆனால் 1965 போரோடு நின்றுபோன இரு நாடுகளின் வர்த்தகம் 1974 இறுதியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரண்டு தாவல்களும், அந்த விலையில் வாங்கவோ விற்கவோ வழி இல்லாத ஆண்டுகளுக்குள் விழுகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளின் எண்களை நான் சாய்வெழுத்தில் வைத்திருக்கிறேன், அவற்றுக்கு அடுத்த கட்டத்தில் வர்த்தகம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.